பதினான்காம் பக்கத்துப் பிழை

பள்ளியை விட்டுப் போகிற பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதினொன்றாம் வகுப்புதான் பிரிவு மலர் போட்டுத் தர வேண்டும். நினைவுகளை எழுதுவது அவர்கள். அதைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, அச்சகத்துக்கு அனுப்பி, மேடையில் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கை தட்டுவது இவர்கள். வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். இந்த வருஷம் பிழை பார்க்கிற வேலையை வல்லினம் டீச்சர் தூக்கி ஒட்டடையின் தலையில் கட்டினார்.

வல்லினம் டீச்சர் என்பது தமிழ் டீச்சர். எவன் நோட்டை எடுத்தாலும் முதலில் க், ச், த், ப் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்றுதான் பார்ப்பார். ஒட்டடை என்பது, ஐந்தே முக்கால் அடி உயரமும் ஒரு பிடி உடம்புமாக இருக்கிற பெண்ணுக்கு ஆறாம் வகுப்பிலேயே விழுந்த பெயர். ஒட்டடைக்குச்சி என்றுதான் ஆரம்பித்தார்கள். கூப்பிட நேரமாகிறது என்று குச்சியைக் கழற்றிவிட்டார்கள்.

"உனக்குத்தான் அவங்களை எல்லாம் தெரியுமே. பேரு கீரு தப்பா இருந்தா டக்குனு கண்டுபிடிச்சிடுவ" என்றார் டீச்சர், காகிதக் கட்டை நீட்டியபடி.

தெரியாமல் என்ன? ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரை அவர்களோடு ஒரே பெஞ்சில் தேய்த்தவள். போன வருஷம் வரைக்கும் அவளும் அந்த வகுப்புதான். பதினொன்றின் கடைசியில் பள்ளி அவளைப் பதினைந்து நாள் வெளியே அனுப்பியது. அந்தப் பதினைந்து நாளுக்குள் ஆண்டுத் தேர்வு வந்து போய்விட்டது. அவர்கள் பன்னிரண்டுக்கு ஏறினார்கள், இவள் மறுபடியும் பதினொன்றிலேயே உட்கார்ந்தாள். இப்போது கூடப் படிக்கிறதுகள் எல்லாம் அவளை அக்கா என்று கூப்பிடுகின்றன. மரியாதையாகத்தான் கூப்பிடுகின்றன. ஒவ்வொரு அக்காவும் அவளுக்குச் சுருக்கென்று குத்துகிறது என்பது அதுகளுக்கு எப்படித் தெரியும்?

ஆசிரியர்கள் அறையின் மூலையில், உடைந்த பூகோள உருண்டையும் பழைய வினாத்தாள்களும் கிடந்த மேஜையில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் பத்துப் பக்கமும் படம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி. 'நட்பே என் மூச்சு' என்று ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். அதில் நாலு பேர் 'மூச்சி' என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தன் வாழ்க்கை லட்சியம் என்ற இடத்தில் 'தூக்கம்' என்று போட்டிருந்தான். ஒட்டடைக்குச் சிரிப்புக்கூட வந்தது. சும்மா சொல்லக் கூடாது, கேட்டுக்கொண்டு இருந்தால் சிரிப்பு வருகிற பிள்ளைகள்தான் அவை.

பதினான்காம் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

'எங்கள் வகுப்பின் மறக்க முடியாத நாள்' என்று தலைப்பு. எழுதியவள் வகுப்புத் தலைவி. தலைவி என்றால் பதவிக்கு மட்டும் இல்லை, அவளுக்குப் பட்டப்பெயரே அதுதான். ஒரு காலத்தில் ஒட்டடையின் உயிர்த்தோழி. ஒரு டிபன் டப்பாவில் இரண்டு ஸ்பூன் போட்டுத் தின்றவர்கள். அவள் இப்படி எழுதியிருந்தாள்:

'கணக்குத் தேர்வுக்குப் பயந்து வராந்தாக் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளினோமே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடமே சீக்கிரம் விட்டது! மறுநாள் தலைமை ஆசிரியை வந்து யார் செய்தது என்று கேட்டபோது, நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். ஒருவரைக்கூட நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் ஒற்றுமையைப் பார்த்துத் தலைமை ஆசிரியையே சிரித்துவிட்டார்.'

ஒட்டடை அதை மூன்று தடவை படித்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒற்றெல்லாம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது. அடிப்பாவி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த விலங்கியல் சார் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

நடந்தது இதுதான். வராந்தாவில் இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்துத்தான் வாட்ச்மேன் மணி அடிப்பார். தன் கைக்கடிகாரத்தை அவர் நம்ப மாட்டார். டீச்சர்களிடம் போன் இருக்கத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு இருபது நிமிஷம் முன்னால் போகலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? சாப்பாட்டு நேரத்தில் முப்பத்தேழு பேரும் கூடிப் பேசி முடிவு பண்ணினார்கள். ஸ்டூலில் ஏறி முள்ளைத் தள்ளியது தலைவி. ஒட்டடைக்குப் பயம். "நான் தொட மாட்டேன், ஸ்டூலை வேணா பிடிச்சுக்கறேன்" என்றாள். பிடித்துக்கொண்டாள்.

மணி அடித்தது. கணக்குத் தேர்வு பாதியில் நின்றது, ஹோ என்று கத்திக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். அதே மணிக்கு முதலாம் வகுப்புக் குழந்தைகளையும் வெளியே விட்டார்கள். வேனும் வரவில்லை, அம்மா அப்பாக்களும் வரவில்லை. ஒரு குழந்தை, ஆறு வயசு, எதிர்ப்பக்கம் அம்மா நிற்கிறாள் என்று யாரையோ பார்த்துச் சாலையைக் கடந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று அடித்துத் தள்ளியது. காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு.

அன்றைக்குச் சாயங்காலமே நூலகத்துக்குப் பின்னால் கூடினார்கள். ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை. "தனியா மாட்டினாத்தான் செத்தோம். எல்லாரும் சேர்ந்து எழுந்து நின்னா என்ன பண்ணிடுவாங்க? முப்பத்தேழு பேரையும் அனுப்பிடுவாங்களா? கேட்ட உடனே எல்லாரும் எழுந்திரிக்கணும், சரியா?" இதைச் சொன்னதும் தலைவிதான். எல்லாரும் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினார்கள்.

மறுநாள் தலைமை ஆசிரியை வந்து கேட்டார். ஒட்டடை எழுந்தாள். உயரமானவள் அல்லவா, எழுந்தால் பளிச்சென்று தெரியும். நின்றபடி பக்கத்தில் பார்த்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தாறு தலை குனிந்திருந்தது. தலைவி தன் செருப்பு வாரைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள்.

"நீ மட்டுமா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"இல்ல மேடம், எல்லாரும்தான்."

"அப்படியா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். ஒருத்தன் இருமினான், அவ்வளவுதான்.

"அவ்வளவு உசரத்துல இருக்கற கடிகாரம் இவளுக்குத்தான் எட்டும்" என்று கணக்கு சார் வாசலில் இருந்தே சொன்னார். அதோடு முடிந்தது. செய்த குற்றத்துக்கு ஒன்று, மற்றவர்கள் மேல் பழி போட்டதற்கு ஒன்று என்று இரண்டு குற்றம் அவள் மேல் எழுதினார்கள். தலைமை ஆசிரியை அன்றைக்குச் சிரிக்கவே இல்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு வருஷம் போனால் போகிறது, மயிரே போச்சு என்று ஒட்டடை எப்போதோ விட்டுவிட்டாள். அவளால் விட முடியாதது அப்பாவைத்தான்.

அப்பா அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருக்கிறார். அச்சாகி வருகிற தாளை மடித்து, அடுக்கி, தைத்து, அட்டை ஒட்டுகிற வேலை. விஷயம் தெரிந்த அன்றைக்கு அவர் கோந்து காயாத கையோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். "என் பொண்ணாலதான்" என்று அந்தக் குழந்தையின் அப்பா அம்மா முன்னால் நின்று சொன்னார். அவர்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. உட்காருங்க என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். அந்த டீதான் அவரைக் கொன்றது. மூன்று மாசம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், போய் அந்தக் குழந்தையின் கட்டுப்போட்ட காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

வீட்டில் ஒட்டடை உள்ளதைச் சொன்னாள். "நான் முள்ளைத் தொடலப்பா. ஸ்டூலைத்தான் பிடிச்சேன். எல்லாரும் சேர்ந்துதான் பண்ணோம், எல்லாரும் எழுந்திரிக்கறதா சொன்னாங்க, நான் மட்டும்தான் எழுந்தேன்."

"தப்பு பண்ணது பெருசில்ல. மாட்டினதும் ஊரையே இழுத்து விடறியே, அதான் பெருசு" என்றார் அப்பா. "அந்த முப்பத்தாறுல ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஆமா அவ சொல்றது நிஜம்னு சொல்லட்டும், உன் கால்ல விழறேன். இல்லியா, உண்மைய நீயே சொல்ற அன்னிக்கு எங்கிட்டப் பேசு."

அன்றைக்கு வாயை மூடியவர்தான். பதின்மூன்று மாசம் ஆகிறது. குடை எடுத்துப் போகச் சொல்ல வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் சொல்வார், ஒட்டடை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அம்மா பழைய துணிகளைப் பிரித்துச் சின்னதாக்கித் தருகிற தையற்காரி. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே, "கேட்டுதா? குடையாம்" என்பாள். சின்ன வயசில் இந்த அப்பாவின் தோளில் உட்கார்ந்து விட்டத்தைத் தொட்டவள் இவள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க முடியாது, அவளுக்கு அப்பா என்றால் உயிர்.

பள்ளியின் மலர் அச்சாவதும் அந்த அச்சகத்தில்தான். அப்பாவின் கை படாமல் ஒரு மலரும் வெளியே போகாது. மடிக்கிற தாளைப் படிக்கிற பழக்கமும் அவருக்கு உண்டு. ஒட்டடைக்குத் திடீரென்று மூளையில் பொறி தட்டியது. இந்தப் பக்கத்தில் மட்டும் நிஜம் இருந்துவிட்டால்? ஒருத்தர் சொல்லட்டும் என்றாரே, முப்பத்தாறு பேரும் சொன்ன மாதிரி ஆகிவிடுமே? அதுவும் அச்சில்.

பென்சிலை எடுத்தாள். 'நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில்' என்பதைச் சுழித்துவிட்டு ஓரத்தில் 'ஒருத்தி மட்டும்' என்று எழுதினாள். 'நின்றோம்' என்பதில் கடைசி எழுத்துகளை அடித்து 'நின்றாள்' ஆக்கினாள். கடைசி இரண்டு வாக்கியத்தையும் மொத்தமாகச் சுழித்தாள். கடிகாரம் என்ற வரிக்குப் பக்கத்தில் 'ஒரு குழந்தைக்குக் கால் முறிந்தது' என்று சேர்த்தாள். மற்ற பக்கங்களில் 'மூச்சி'யை எப்படித் திருத்தினாளோ அப்படியே, அதே அளவு எழுத்தில்.

மறுநாள் முதல் பீரியடிலேயே டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன இது?"

"பிழை டீச்சர். திருத்தச் சொன்னீங்களே."

"எழுத்துப் பிழை பாக்கச் சொன்னேன். கதையவே மாத்தச் சொன்னேனா?" டீச்சர் தாளை இன்னொரு தடவை பார்த்தார். பழக்க தோஷம், அவள் எழுதியிருந்த 'குழந்தைக்குக் கால்' என்பதில் ஒற்று இருக்கிறதா என்று அவர் கண் போனதை ஒட்டடை பார்த்தாள். இருந்தது. "சந்தோஷமா போகப்போற புள்ளைங்க. இந்த நேரத்துல எதுக்கும்மா கிளறிக்கிட்டு?"

"நடந்தது இதுதான் டீச்சர். உங்களுக்கும் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? நான் அன்னிக்கு லீவு." தாளை மடித்தார். "மலர் அவங்களுது. அவங்க சரின்னா போட்டுக்கலாம். வா, அவங்களையே கேட்டுடலாம்."

நியாயமாகத்தான் பட்டது. டீச்சரை முந்திக்கொண்டு ஒட்டடை நடந்தாள். ஒரு வருஷம் கழித்தாவது கேட்கப்போகிறார்கள் என்ற ஆசை. முப்பத்தாறில் ஒன்று தேறாதா?

பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளைச் சட்டைகளில் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்க அந்த மை வாசனை. ஒட்டடையைப் பார்த்ததும், "ஏய், ஒட்டடை வந்துட்டாடா! வாடி, நீயும் ஒரு கையெழுத்துப் போடு" என்று ஒரு பெண் முதுகைக் காட்டினாள். டீச்சர் மேஜையைத் தட்டி விஷயத்தைச் சொன்னார். பழைய வரியை வாசித்தார், திருத்திய வரியை வாசித்தார்.

தலைவி எழுந்தாள். அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று ஒட்டடை நினைத்திருந்தாள். இல்லை. பாவமாகப் பார்த்தாள்.

"என்னடி இது? நீ எழுந்தப்ப உன் பக்கத்துல நான்தானே நின்னேன்? மறந்துட்டியா?"

"நீ நிக்கல. குனிஞ்சு செருப்பு வாரை மாட்டிக்கிட்டு இருந்த."

"எழுந்திரிக்கறதுக்குத்தாண்டி மாட்டினேன்! வாரு அறுந்தா எப்படி நிக்கறது?" வகுப்பு சிரித்தது. தலைவியும் சிரித்தாள், அப்புறம் குரல் தழுதழுத்தது. "அன்னிக்கு நாம எல்லாரும் நின்னோம்டி. அதை நினைச்சு நினைச்சுத்தான் இந்த வருஷத்தையே ஓட்டினேன். நீ இல்லாம இங்க எவ்வளவு கஷ்டமா இருந்துது தெரியுமா?"

ஒட்டடைக்கு அப்போதுதான் புரிந்தது. இவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் பிடித்துவிடலாம், கண்ணைப் பார்த்துக் கேட்டுவிடலாம். இவள் நம்புகிறாள். செருப்பு வாரைப் பிடித்த கை, போன பதின்மூன்று மாசத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து எழுந்து நின்றுவிட்டது.

"எல்லாரும் நின்னீங்கன்னா என்னை மட்டும் ஏன்டி அனுப்பினாங்க?"

"அது... நீ கணக்கு சாரை எதிர்த்துப் பேசினல்ல? அதுக்குன்னு நினைச்சோம்."

"நான் எங்கடி பேசினேன்?"

"பேசினா, பேசினா" என்று பின்னாலிருந்து இரண்டு குரல் வந்தது. "மூஞ்சிக்கு நேரா கேட்டாளே, செமையா இருந்துது!" பாராட்டாகத்தான் சொன்னார்கள். படுபாவிகள், பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

முதல் பெஞ்சில் அரையடி உட்கார்ந்திருந்தான். வகுப்பிலேயே குள்ளம், ஒட்டடையோடு நிறுத்திப் படம் எடுத்து ஆறு வருஷம் கேலி பண்ணியிருக்கிறார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. ஒட்டடை அவனைப் பார்த்தாள்.

"நீ சொல்லுடா. நீ நின்னியா?"

அரையடி எச்சில் விழுங்கினான். "நான் வந்து... பாதி எழுந்தேன்."

"பாதியா?"

"எழுந்திரிக்கலாம்னு பெஞ்சைப் பிடிச்சேன். யாரும் எழுந்திரிக்கல. அப்புறம்..."

"உனக்குப் பாதி எழுந்தா என்னடா, முழுசா எழுந்தாத்தான் என்ன? ரெண்டும் ஒண்ணுதானே தெரியும்!" என்றான் எவனோ. வகுப்பே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. வல்லினம் டீச்சர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அரையடியின் காது சிவந்து போயிற்று. தொடங்கிய வாக்கியத்தை அவன் முடிக்கவே இல்லை.

"சரி, சரி. சத்தம் போடாதீங்க" என்றார் டீச்சர். "பழைய மாதிரியே இருக்கட்டும்கறவங்க கை தூக்குங்க."

சடாரென்று தூக்கினார்கள். ஒரே நேரத்தில், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், முப்பத்தைந்து கை. அன்றைக்கு இந்த வேகம் இருந்திருந்தால் அவள் இன்றைக்கு இந்தப் பக்கம் நின்றிருக்க மாட்டாள். அரையடி ஜன்னலைப் பார்த்தான், தன் பென்சில் டப்பாவைப் பார்த்தான், அப்புறம் அவனும் தூக்கினான். முழுசாகத் தூக்கினான்.

வெளியே வரும்போது மாடிப்படியில் பின்னாலேயே ஓடி வந்தான். "ஒட்டடை, சாரி. நான் தனியா உங்கப்பாகிட்ட வேணா..."

"வருவியா?" என்று திரும்பினாள். இவ்வளவு ஆசையோடு அவள் யாரையும் எதுவும் கேட்டதில்லை. "இன்னிக்கே வருவியா?"

அவன் படியைப் பார்த்தான். "இன்னிக்கு ரிகர்சல் இருக்கு. நிகழ்ச்சி முடியட்டும், கண்டிப்பா வரேன்."

"போடா, போய் ரிகர்சல் பண்ணு" என்றாள். அவன் வர மாட்டான் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

டீச்சர் அறையில் ரப்பரை எடுத்து அவள் எழுதியதை அவளே அழிக்க வேண்டியிருந்தது. பென்சில் எழுத்து போய்விட்டது, அழுத்தின தடம் மட்டும் தாளில் நின்றது. கடைசிப் பக்கத்தில் 'பிழை பார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார் டீச்சர். வழக்கம், அச்சகத்துக்கு அனுப்புகிற படியில் ஒருத்தர் போட்டே ஆக வேண்டும், அந்தப் பெயர் மலரிலும் அச்சாகும். மாட்டேன் என்றிருக்கலாம். சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள், போட்டாள்.

நாலாம் நாள் சாயங்காலம். அம்மா தையல் மெஷினில் யாருடைய கால்சட்டையையோ குட்டையாக்கிக்கொண்டிருந்தாள். ஒட்டடை நனைந்த துணி மாதிரி துவண்டு போய் வரலாற்றுப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். அப்பா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார், கை கழுவினார். சட்டைப் பைக்குள்ளிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். அச்சு சரியாக விழாமல் கழித்த தாள். பதினான்காம் பக்கம் நடுவில் இருந்தது.

"இங்க வா" என்றார்.

ஒட்டடை அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் மெஷினை நிறுத்திவிட்டுத் தன்னையா என்று பார்த்தாள்.

"உன்னைத்தாம்மா. இங்க வா."

அம்மா என்று கூப்பிட்டுவிட்டார். மகளை அம்மா என்று கூப்பிட்டு எத்தனை நாளாகிறது! ஒட்டடை நாற்காலி பின்னால் சாய, விழுந்தடித்து எழுந்து போனாள்.

அப்பா விரலை வைத்து வாசித்தார். அவருக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். "'நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம்.' எல்லாரும் நின்னிருக்காங்க. ஒருத்தரையும் விட்டுக்கொடுக்கலன்னு போட்டிருக்கு. நீ என்னன்னா ஒருத்தரும் எழுந்திரிக்கலன்னு சொன்ன."

"அது பொய்ப்பா."

"முப்பத்தாறு பேருமா பொய் சொல்றாங்க?"

"ஆமாப்பா. முப்பத்தாறு பேரும்தான்."

"அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி யாரும் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார். கடைசிப் பக்கமும் அதே தாளில்தான் வந்திருந்தது. "பிழை பார்த்தவர்னு உன் பேரு இருக்கு. நீதானே பாத்த? பொய்யா இருந்தா விட்டிருப்பியா? எனக்கு உன்னைத் தெரியாதா? ஒரு புள்ளி விட்டுப்போனாலே சண்டைக்கு வர்றவ நீ."

ஒட்டடை வாயைத் திறந்தாள். திருத்தினேன், அழிக்க வைத்தார்கள், கை தூக்கினார்கள், அரையடி பாதி எழுந்தான். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்கே கேட்க அது கட்டுக்கதை மாதிரி இருந்தது. ஒரு வகுப்பு முழுக்கக் கை தூக்கி, நடக்காததை நடந்ததாக முடிவு பண்ணிற்று என்று சொன்னால் எந்த அப்பா நம்புவார்?

"கோபப்பட மாட்டேன்மா" என்றார் அப்பா. குரல் இறங்கிவிட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்ததை அவள் அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். "அத்தனை புள்ளைங்க, தள்ளினோம்னு பழியைத் தங்க மேலயும் போட்டுக்கிட்டு, உனக்காக எழுந்து நின்னிருக்கு. நின்னும் உன்னை மட்டும் அனுப்பினாங்கன்னா, முள்ளைத் தள்ளினது நீங்கறதாலதான? அதை ஒரு தடவை உன் வாயால சொல்லிடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பொண்ணு தப்பு பண்ணான்னா தாங்கிக்குவேன். என் பொண்ணு பொய்காரின்னு நினைச்சுக்கிட்டு என்னால ராத்திரி தூங்க முடியலம்மா."

அம்மா மெஷின் பக்கத்திலிருந்து தலையை அசைத்தாள். சொல்லித் தொலையேன்டி என்று கெஞ்சுகிற அசைப்பு.

அப்பாவின் விரல் இன்னும் தாளின் மேலேயே இருந்தது. நகக்கணுவில் கோந்து காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஒட்டடை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிஜத்தைச் சொன்னதற்கு என்ன கிடைத்தது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஆமாப்பா. நான்தான் தள்ளினேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பெரிய மூச்சு வந்தது. எழுந்து, அவ்வளவு உயரமான பெண்ணின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இவ்வளவுதானே? இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன? ஒரு வருஷத்தைப் பாழாக்கிட்டியே" என்று அழுதார். அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒட்டடையும் அழுதாள். மூன்று பேரும் அழுதது ஒரே விஷயத்துக்கு என்று அவர்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அப்பா பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். வெட்டுகிற மெஷின் மக்கர் பண்ணியது, முதலாளியின் மருமகனுக்கு ஒரு மண்ணும் தெரியாதது, டீக்கடைக்காரர் மீசையை எடுத்துவிட்டு ஆள் அடையாளமே தெரியாமல் போனது என்று பதின்மூன்று மாசத்துக் கதையையும் கொட்டினார். சாப்பிட்டியாம்மா என்று நடுவில் இரண்டு தடவை கேட்டார். ஒட்டடை சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்தாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை அந்தக் குழந்தை வீட்டுக்கு ரெண்டு பேருமா போவோம்மா. நல்ல மனுஷங்க அவங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. குழந்தை முன்னாடியே நீ இதே மாதிரி சொல்லிடு. நான்தான் தள்ளினேன்னு."

"சரிப்பா" என்றாள்.